கடைக்கும் வீட்டுக்கும் ஒரே போன்: ஆண்ட்ராய்டா, ஐபோனா?

லாங்பஜார்_மளிகை:

வேலூர் லாங் பஜார் பக்கம் மளிகைக் கடை. இப்ப இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு அப்டேட் நின்னு போச்சு, மாத்தியே ஆகணும். பட்ஜெட் 60,000. வீட்ல எல்லாரும் ஐபோன் 16இ எடுக்கச் சொல்றாங்க. நான் இதுவரைக்கும் ஆண்ட்ராய்டு மட்டும்தான்.

போன்ல நடக்கிற வேலை இதுதான்: புளூடூத் பிரிண்டர்ல தமிழ்ல பில், 2 இன்ச் பேப்பர். ரெண்டு சிம், அதுல ஒரு நம்பர்லதான் பேங்க், யுபிஐ எல்லாம். வாட்ஸ்அப்ல ஆர்டர் வரும். பதிலை வாயால சொல்லி தமிழ்ல டைப் ஆக விட்டு அனுப்புவேன். அஞ்சு வருஷம் ஓடணும். கேமரா, கேம் எதுவும் முக்கியமில்ல. எதை எடுக்கலாம்? மாத்தினா எங்க இடிக்கும்?

பில்_ரோல்58:

சார், மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல பிரிண்டரைப் பாருங்க, உங்க கேள்விக்குப் பாதி பதில் அதுக்குள்ள இருக்கு.

விலை குறைஞ்ச 58 மி.மீ. பிரிண்டர்கள்ல நிறைய, பழைய வகை புளூடூத் மட்டும்தான் வச்சிருக்கும். எஸ்பிபின்னு சொல்லுவாங்க, சீரியல் கேபிளுக்குப் பதிலா வந்த முறை. ஆண்ட்ராய்டு அதோட நேராப் பேசும். ஐபோன் பேசாது. ஐபோனோட அந்த முறையில பேசணும்னா அந்தச் சாதனத்துக்கு ஆப்பிளோட எம்எஃப்ஐ அனுமதி இருக்கணும், இல்லேன்னா பிரிண்டர்ல பிஎல்இ, அதாவது குறைஞ்ச மின்சாரத்துல ஓடுற புளூடூத் இருக்கணும். ரெண்டும் இல்லேன்னா எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் பில் வராது. பிரிண்டர் ரிப்பேர்னு நினைச்சு மெக்கானிக்கிட்ட தூக்கிட்டு ஓட வேண்டாம், அது ரிப்பேர் இல்ல.

உங்களுது எந்த வகைன்னு ரெண்டு நிமிஷத்துல பார்த்துடலாம். பிரிண்டரை ஆஃப் பண்ணுங்க. பேப்பர் தள்ளுற ஃபீட் பட்டனை அழுத்திப் பிடிச்சிகிட்டே பவரை ஆன் பண்ணுங்க. டெஸ்ட் சீட்டு ஒண்ணு வரும். அதுல புளூடூத் பேரு, பின் நம்பர் (பெரும்பாலும் 0000 அல்லது 1234), பல மாடல்ல புளூடூத் வகையும் அச்சாகியிருக்கும். டூயல் மோடுன்னோ பிஎல்இன்னோ போட்டிருந்தா ஐபோனுக்கு வழி இருக்கு. வெறும் 2.0, 3.0ன்னு இருந்தா வழி இல்ல.

பிஎல்இ பிரிண்டர்ல ஒரு விஷயத்துல எல்லாரும் குழம்புவாங்க. ஐபோன் செட்டிங்ஸ்ல போய் புளூடூத் லிஸ்ட்ல தேடுவாங்க, அங்க காட்டாது. பில் போடுற ஆப்புக்குள்ள இருந்துதான் தேடி இணைக்கணும். அதனால உங்க பில்லிங் ஆப்போட ஐபோன் பதிப்புல உங்க பிரிண்டர் மாடல் இருக்கான்னு ஆப் கம்பெனிக்காரங்ககிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க.

அடுத்தது தமிழ். இந்தச் சின்ன பிரிண்டர்கள்ல பெரும்பாலும் தமிழ் எழுத்துரு கிடையாது. ஆப் உங்க பில்லைப் படமா மாத்தித்தான் அனுப்பும். 58 மி.மீ. பேப்பர்ல அச்சாகிற அகலம் 48 மி.மீ., ஒரு வரிக்கு 384 புள்ளி, அதாவது 48 பைட். நீளத்துக்கு மி.மீ.க்கு 8 வரி. பத்து சென்டிமீட்டர் பில்னா 800 வரி, 38,400 பைட். பழைய புளூடூத்துல இது சட்டுனு போயிடும். பிஎல்இல துண்டு துண்டா போகும். ஆப்பைச் சரியா எழுதலேன்னா பாதி பில் வந்து நிக்கும், மறுபடி வரும், நடுவுல கோடு விழும். சனிக்கிழமை சாயங்காலம் பத்து பேர் நிக்கிறப்ப அது தாங்காது. இங்கிலீஷ் பில்னா இந்தப் பிரச்சனை ரொம்பக் கம்மி, ஏன்னா வெறும் எழுத்தா போகும், வரிக்கு 32 எழுத்து.

ஐபோன்தான்னு முடிவு பண்ணினா வைஃபையோ, லேன்னு சொல்ற நெட்வொர்க் கேபிளோ உள்ள பிரிண்டருக்கு மாறுங்க, அது ரெண்டு போனுக்கும் ஒத்துப்போகும். பார்கோடு ஸ்கேனர் பிரச்சனை பண்ணாது. அது கீபோர்டு மாதிரி வேலை செய்யறதால எதுல வேணா ஓடும். ஆதார் கைரேகை மிஷின் வச்சு பணம் எடுத்துக் கொடுக்கிற வேலையும் கடையில இருந்தா மட்டும் யோசிக்கவே வேண்டாம், ஆண்ட்ராய்டுதான். கைரேகையை ஆதாருக்கு அனுப்பற ஆர்டி சர்வீஸ் ஆப், போன்னா ஆண்ட்ராய்டை வச்சுத்தான் ஓடுது.

சத்துவாச்சாரி_சிம்:

பிரிண்டர் பத்தி மேல சொன்னது அத்தனையும் சரி. நான் சிம் பக்கம் வரேன், கடைக்காரங்க அதிகமா மாட்டிக்கிறது இங்கதான்.

இந்தியாவுல விக்கிற ஐபோன் 16இல ஒரு பிளாஸ்டிக் சிம், இன்னொண்ணு இ-சிம், அதாவது போனுக்குள்ளயே பதியற சிம். கூகுளோட ஆண்ட்ராய்டு போன் பிக்சல் 9ஏவும் அப்படியேதான், அதனால இதை ஐபோன் குறைன்னு எடுத்துக்காதீங்க. ரெண்டு பிளாஸ்டிக் சிம்மும் வேணும்னா சாம்சங் ஏ56 மாதிரி பார்க்கணும்.

பேங்க் நம்பரை இ-சிம்மா மாத்தாதீங்க அண்ணா. அது பிளாஸ்டிக்லயே இருக்கட்டும், இன்னொரு நம்பரை மாத்துங்க. சிம் மாத்தினா திருட்டைத் தடுக்க 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. அந்த ஒரு நாள் பேங்க் ஓடிபி இல்ல, யுபிஐ பதிவும் நடக்காது. ஜியோன்னா GETESIM முறையில 199க்கு எஸ்எம்எஸ் போகணும், ஏர்டெல்னா 121க்கு. ரெண்டு பக்கமும் அவங்க ஆப்லயே பண்ணிடலாம். *#06# அடிச்சா போனோட அடையாள நம்பரான ஐஎம்இஐயும், இ-சிம்முக்கு வேண்டிய இஐடி நம்பரும் திரையில வரும், முதல்லயே குறிச்சு வச்சுக்குங்க.

யுபிஐ பதியறதுல ரெண்டு போனுக்கும் வித்தியாசம் இருக்கு. ஆண்ட்ராய்டுல ஆப் தானே எஸ்எம்எஸ் அனுப்பிக்கும். ஐபோன்ல ஆப் தானா அனுப்ப முடியாது. மெசேஜ் பெட்டி திறந்து, உள்ள நீளமா ஒரு குறியீடு இருக்கும், நீங்கதான் அனுப்பற பட்டனைத் தொடணும். அதுல ஒரு எழுத்துகூடத் தொடாதீங்க. பெட்டியில எந்த லைன் தேர்வாகியிருக்குன்னு பார்த்துட்டு அனுப்புங்க. எப்பவும் போற லைனா இன்னொரு சிம் இருந்தா அதுலருந்து போயிடும், "நம்பர் பேங்க்ல இல்ல"ன்னு வரும். அதே மாதிரி அந்த சிம்ல ரீசார்ஜ் முடிஞ்சிருந்தா எஸ்எம்எஸ் போகாது. புதுப் போன்ல முதல் 24 மணி நேரம் அனுப்பற தொகைக்கு 5,000 ரூபாய் மாதிரி வரம்பு இருக்கும். ஐபோன்ல சில பேங்க் அதை 72 மணி நேரம் வரைக்கும் வைக்கும். மொத்த வியாபாரிக்குப் பணம் போட வேண்டிய நாள்ல போன் மாத்தாதீங்க.

கவுண்டர்ல ஒட்டின க்யூஆர் அப்படியே ஓடும். சவுண்ட்பாக்ஸுக்குள்ள தனி சிம் இருக்கிறதால அதுவும் நிக்காது. வர்ற பணம் வந்துகிட்டேதான் இருக்கும், நீங்க அனுப்பறதுக்குத்தான் தடை.

வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க ஐபோன் கொண்டு வந்து தரேன்னு சொன்னா, அமெரிக்காவுல வாங்கினதான்னு கேளுங்க. அங்க ஐபோன் 14லருந்தே சிம் போடற தட்டு கிடையாது, ரெண்டும் இ-சிம்தான்.

பாலாறு632:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். அஞ்சு வருஷம்னு கேட்டிருக்கீங்க. அதுல முன்ன மாதிரி ஐபோன் மட்டும் ஒசத்தின்னு இல்ல இப்ப.

2018ல வந்த ஐபோன் எக்ஸ்ஆர் ஐஓஎஸ் 18 வரைக்கும் அப்டேட் வாங்குச்சு, அடுத்து வந்த ஐஓஎஸ் 26ல தான் விட்டுட்டாங்க. 16இ 2025 பிப்ரவரியில வந்தது, அஞ்சு வருஷம் தாராளம். ஆண்ட்ராய்டுல பிக்சல் 9ஏவுக்கு ஏழு வருஷம், சாம்சங் ஏ56க்கு ஆறு வருஷம் அப்டேட்னு வாக்குக் கொடுத்திருக்காங்க. ரெண்டும் உங்க பட்ஜெட்டுக்குள்ள. ஆனா அந்தக் கணக்கு மாடல் வெளிவந்த நாள்லருந்து, நீங்க பில் போட்ட நாள்லருந்து இல்ல. ஆஃபர்ல கிடைக்குதுன்னு ரெண்டு வருஷம் பழைய மாடலை எடுத்தா ரெண்டு வருஷம் போச்சு. 15,000 ரூபாய் போன்ல இந்த அளவு வாக்கு அபூர்வம், வாங்கறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்குன்னு பாருங்க.

சர்வீஸ்: ஆப்பிளோட சொந்தக் கடை நம்ம பக்கம் கிட்டத்துல பெங்களூருலதான், சென்னையில இல்ல. அனுமதி பெற்ற சர்வீஸ் சென்டர்தான் கதி. ரெண்டு கம்பெனி வெப்சைட்லயும் 632001னு பின்கோடு போட்டு, எது வேலூருக்குள்ள, எதுக்குக் காட்பாடியில ரயிலேறணும்னு பாருங்க. கடை போனுக்கு இது பெரிய விஷயம். டிஸ்ப்ளே உடைஞ்சா ஒரு நாள் போறதா, நாலு நாள் போறதா? வெளியில மாத்தினா ஐபோன்ல செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போனா மாத்தின பாகம் அசலா இல்லையான்னு காட்டிடும். பழைய போன் வாங்கறவங்களும் முதல்ல அங்கதான் பார்க்கணும்.

வெயில் இருக்கே, அதை மறக்காதீங்க. ஐபோன் 35 டிகிரி வரைக்கும்னுதான் ஆப்பிளே சொல்லுது. நம்ம ஊர் மே மாசம் 40ஐத் தாண்டும். ஷீட் போட்ட கடையில கவுண்டர் மேல வச்சு சார்ஜ் போட்டா, சார்ஜ் நிறுத்தி வச்சிருக்குன்னு திரையில வரும், வெளிச்சமும் தானா மங்கும். ஆண்ட்ராய்டும் சூட்டுல சார்ஜைக் குறைக்கும். தடி கவரைக் கழட்டி ஃபேன் காத்துல வைங்க, ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க. சார்ஜை 80 சதவீதத்தோட நிறுத்தற வசதி ஐபோன் 15லயும் அதுக்கு அப்புறம் வந்ததுலயும், சாம்சங், பிக்சல்லயும் இருக்கு. நாள் முழுக்க சார்ஜர்லயே கிடக்கிற கடை போனுக்கு அதை ஆன் பண்ணி வைங்க.

வாயால தமிழ் டைப் பண்றதுக்கு ஆண்ட்ராய்டுல கூகுளோட விசைப்பலகை ஜிபோர்டு பழகின ஒண்ணு, கூகுள் 2017லயே தமிழைச் சேர்த்தாச்சு. ஐபோன்ல தமிழ்99, அஞ்சல் ரெண்டு விசைப்பலகையும் 2013ல ஐஓஎஸ் 7லருந்தே உள்ள இருக்கு, கையால அடிக்கிறவங்களுக்கு அருமை. உங்க வழக்கம் வாயால சொல்றது. ஷோரூம் டெமோ போன்ல "சீரக சம்பா அஞ்சு கிலோ, வெல்லம் கால் கிலோ, நாளைக்குக் காலைல அனுப்பறேன்"னு நீங்க பேசற வேகத்துலயே சொல்லிப் பாருங்க. திருத்தாம அனுப்பற மாதிரி வந்தா மட்டும் பணம் கட்டுங்க.

இன்னொண்ணு, கடை ஜிஎஸ்டி நம்பர் போட்டு பில் வாங்குங்க. போனுக்கு 18 சதவீதம் வரி. 59,900ல வரி மட்டும் 9,137 ரூபாய். கடை வேலைக்குத்தான்னா உள்ளீட்டு வரியா எடுத்து, நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம். விற்பனையில சின்ன சதவீதம் மட்டும் வரியா கட்டற காம்போசிஷன் திட்டத்துல இருந்தா எடுக்க முடியாது.

லாங்பஜார்_மளிகை:

எல்லாருக்கும் நன்றி. டெஸ்ட் சீட்டு எடுத்தேன். புளூடூத் 3.0ன்னு இருக்கு, டூயல் மோடு எதுவும் இல்ல. ஆப் கம்பெனியில கேட்டதுக்கு ஐபோன்ல தமிழ் பில் வைஃபை பிரிண்டர்ல மட்டும்தான்னு சொல்றாங்க. ஆண்ட்ராய்டே எடுத்துடறேன், ஏ56. ரெண்டு சிம்மும் அப்படியே போட்டுக்கலாம். பழைய போனை எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்கலாமா? வேற என்ன பார்க்கணும்?

சத்துவாச்சாரி_சிம்:

கொடுக்கலாம், ஒரு வாரம் கழிச்சு. வாங்கற அன்னிக்கே எக்ஸ்சேஞ்ச் கேட்டா ஒத்துக்காதீங்க, எல்லாத்தையும் மாத்தி முடிக்கிற வரைக்கும் பழைய போன் கையில இருக்கணும். எக்ஸ்சேஞ்ச்ல 2,000 ரூபாய் குறைஞ்சாலும் பரவாயில்ல.

வாட்ஸ்அப்புக்குப் பழைய போன்ல செட்டிங்ஸ், சாட்ஸ், அதுல டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் தொடுங்க. புதுப் போன்ல அதே நம்பர்ல நுழைஞ்சு, வர்ற க்யூஆரைப் பழைய போன்ல ஸ்கேன் பண்ணுங்க. ரெண்டும் பக்கத்துல, ரெண்டுலயும் வைஃபை, லொகேஷன் ஆன், ரெண்டும் சார்ஜர்ல. முடியற வரைக்கும் திரையை அணைய விடாதீங்க. கூகுள் டிரைவ்ல ஒரு பேக்கப்பும் எடுத்து வைங்க.

பில்லிங் ஆப்போட டேட்டா சர்வர்ல இருக்கா, போனுக்குள்ள மட்டும் இருக்கான்னு பாருங்க. போனுக்குள்ள மட்டும்னா ஆப்லயே பேக்கப் ஃபைல் எடுத்து மெயில்ல போட்டு, புதுப் போன்ல திறந்து போன வருஷக் கடன் பாக்கி ஒண்ணு ரெண்டு சரியா இருக்கான்னு ஒப்பிடுங்க. ஓடிபி உருவாக்கற ஆத்தென்டிகேட்டர் ஆப் இருந்தா அதையும் மாத்துங்க, சிம்மோட சேர்ந்து அது வராது.

பிரிண்டரைப் புதுப் போன்ல இணைக்கறதுக்கு முன்னாடி பழைய போன்ல புளூடூத்தை அணைங்க, இல்லேன்னா அதோடவே ஒட்டிகிட்டு நிக்கும். புதுப் போன்ல டெஸ்ட் சீட்டுல இருக்கிற பின்னைப் போடுங்க.

பெட்டியில இருக்கிற ஐஎம்இஐயும் *#06#ல வர்றதும் ஒண்ணான்னு கடையிலயே பாருங்க. KYM போட்டு இடம் விட்டு ஐஎம்இஐ அடிச்சு 14422க்கு எஸ்எம்எஸ் பண்ணினா மாடல் பேர் வரும். பழையதைக் கொடுக்கற அன்னிக்கு, முதல்ல செட்டிங்ஸ்ல போய் கூகுள் கணக்கை நீக்கிட்டு அப்புறம்தான் ரீசெட். கணக்கை நீக்காம ரீசெட் பண்ணினா போன் பூட்டிக்க வாய்ப்பு இருக்கு, அப்படி ஆனா எக்ஸ்சேஞ்ச் ஆள் எடுக்க மாட்டார்.