நடைபாதைக்கு நிதி இல்லை என்கிறார்கள், யாரிடம் கேட்பது?

வடசென்னை அம்மா:
மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி 600 மீட்டர்தான், நடந்தே கூட்டிப் போகிறேன். தெருவில் நடைபாதை இருக்கிறது, ஆனால் அவள் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரம். தூக்கி ஏற்றினால் பத்தடியில் ஈபி பெட்டி. இறங்கி, சுற்றி, மறுபடி ஏற வேண்டும். நேற்று அப்படி இறங்கிய இடத்தில் ஒரு பைக் அவள் பையை உரசிக்கொண்டு போனது. தண்ணீர் பாட்டில் தெறித்து நடுரோட்டில் உருண்டது. அதை எடுக்க அவள் கையை உதறிக்கொண்டு ஓடினாள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மனு கொடுத்த இடத்தில் "நிதி வந்தால் பார்க்கலாம்" என்றார்கள். எந்த நிதி, எப்போது வரும்?

சைட் இன்ஜினியர் (ஓய்வு):
அம்மா, 22 வருடம் ரோடு கான்ட்ராக்டில் வேலை பார்த்தவன். நடைபாதைக்கென்று தனியாகப் பணம் கேட்டால் "அடுத்த வருடம்" என்றுதான் பதில் வரும். ரோடு போடுகிற எஸ்டிமேட்டுக்குள்ளேயே அது இருக்க வேண்டும். டெண்டர் போன பிறகு யார் நினைத்தாலும் சேர்ப்பது கஷ்டம்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே இதற்குக் கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று அதில் இருக்கிறது. மனுவில் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்.

முதலில் அந்த ரோடு யாருடையது என்று பாருங்கள். பஸ் போகிற ரோடு என்றால் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் பேருந்துச் சாலைகள் துறை. உள்தெரு என்றால் மண்டல அலுவலகம். சில பெரிய ரோடுகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. இடம் மாறிப் போனால் மனு மாதக்கணக்கில் அலையும்.

அப்புறம், ஒரு டேப் வாங்குங்கள். ரோடுகளுக்கு அளவும் தரமும் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி நடைபாதை உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும். டேப்பை வைத்தே படம் எடுங்கள். "குழந்தைக்குக் கஷ்டம்" என்று எழுதினால் அனுதாபப்பட்டு மடித்து வைத்துவிடுவார்கள், அளவை எழுதினால் பதில் எழுதியாக வேண்டும்.

இத்தனை உயரம் ஏன் வருகிறது தெரியுமா? பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ரோடு ஏறிவிடும். தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்று வடிகாலை உயர்த்துவார்கள், நடைபாதை அந்த வடிகால் மூடிமேல் உட்கார்ந்திருக்கும். அதனால் "மில்லிங் செய்துவிட்டுத்தான் தார் போட வேண்டும்", அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகுதான் என்று மனுவிலேயே கேளுங்கள். இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.

தினமும் சைக்கிள்:
ஐயா சொன்னது சரி. என் பங்குக்கு ஒன்று. பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வளாகம் அமைத்தது போல எல்லாத் தெருவுக்கும் கோடிகள் வேண்டாம். உள்தெருவில் சைக்கிளுக்குத் தனிப் பாதைகூடத் தேவையில்லை, வண்டி வேகம் குறைந்தாலே போதும். சென்னையில் 2023 நவம்பரிலிருந்து குடியிருப்புத் தெருக்களுக்கு 30 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. பள்ளி வாசலில் நடைபாதை மட்டத்துக்கே ரோட்டை உயர்த்திய மேடைக் கடவு ஒன்று கேளுங்கள். இறங்கி ஏறாமல் குழந்தைகள் நேராகக் கடப்பார்கள், வண்டியும் தானாக மெதுவாகும்.

வடசென்னை அம்மா:
காலையில் அளந்தேன். உயரம் 41 சென்டிமீட்டர், ஈபி பெட்டி அருகே நடக்க இடம் 30 சென்டிமீட்டர். மகள்தான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். உள்தெரு என்பதால் மண்டல அலுவலகம். எஸ்டிமேட் போட்டுவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சைட் இன்ஜினியர் (ஓய்வு):
உதவிப் பொறியாளரிடம் நேரில் கேளுங்கள். சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட் நகலும் ரோட்டின் குறுக்குவெட்டு வரைபடமும் கேட்கலாம், விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான். உங்கள் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் கவுன்சிலர் முன்னால் அந்த 41-ஐச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பள்ளியின் மற்ற அம்மாக்கள் நாலு பேரையும் கூட்டிப் போங்கள்.