செங்காய் சேர்த்த பிறகுதான் ஜாம் இறுகியது

ஜாம் இறுகவில்லை என்று இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு மல்பெரி மரம் நிற்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம் புதரில் பிளாக்பெர்ரி தானாகவே படர்ந்து கிடக்கிறது. முதல் வருடம் நன்றாகக் கறுத்து, தொட்டாலே கையோடு வருகிற பழங்களாகத் தேடித் தேடிப் பறித்தேன். ருசி அபாரம், ஆனால் மறுநாள் பாட்டிலைச் சாய்த்தால் சர்பத் மாதிரி ஓடியது. பதறிப்போய் மறுபடி அடுப்பில் ஏற்றி முக்கால் மணி நேரம் காய்ச்சினேன். பழ வாசனை போய், சர்க்கரை கருகிய வாடை வந்து, கரண்டியே இறங்காத மிட்டாயாகிவிட்டது. ஆறு பாட்டில்! முள்ளில் கை கிழியப் பறித்த பழம், ரொம்ப நாள் மனசு ஆறவில்லை.

விஷயம் பெக்டினில் இருக்கிறது. ஜாமை இறுக்குவது அதுதான், பழம் நன்றாகக் கனிந்துவிட்டால் அது சிதைந்து குறைந்துவிடும், செங்காயில்தான் நிறைய. இப்போதெல்லாம் முக்கால் பங்கு கனிந்த பழம், கால் பங்கு இன்னும் சிவப்பாக, அழுத்தினால் நசுங்காத செங்காய். மல்பெரியில் புளிப்பும் போதாது, புளிப்பு இல்லாவிட்டால் பெக்டின் இருந்தும் பிடிக்காது, அதனால் எலுமிச்சைச் சாறு கட்டாயம். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மல்பெரியின் பச்சைக் காம்பு பழத்தை விட்டு வரவே வராது, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்க வேண்டும், விரல் நகத்தின் ஊதாக் கறை போக ஒரு வாரமாகும். பிளாக்பெர்ரியை உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் உள்ளே இருக்கும் புழு வெளியே வந்துவிடும், அப்புறம் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள்.

காட்டில் பறிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிளாக்பெர்ரி சின்னச் சின்ன மணிகள் ஒட்டிய கொத்து. வழவழவென்று ஒரே கறுப்பு உருண்டையாகப் பளபளத்தால் அது வேறு, கொடிய நஞ்சுள்ள பெல்லடோனாவின் பழமும் அப்படித்தான் இருக்கும். நூறு சதவீதம் தெரியாததைத் தொடாதீர்கள், குழந்தைகளோடு போனால் இரட்டிப்புக் கவனம். வண்டி ஓடும் சாலையோரத்துப் பழமும் மருந்தடித்த வயலோரத்துப் பழமும் வேண்டாம்.

காய்ச்சும்போது பழம் குழைந்த பிறகுதான் சர்க்கரை போடுவேன், கிலோவுக்கு 800 கிராம். அது முழுக்கக் கரையும்வரை தீ சிறியது, அப்புறம் பெரிய தீயில் தளதளவென்று கொதிக்க வேண்டும். பாத்திரம் அகலமாக இருக்கட்டும், ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் போட்டால் நேரம் இழுத்து நிறம் மங்கிவிடுகிறது. வெப்பமானி இருந்தால் 104, 105 டிகிரி செல்சியஸில் பதம். என்னிடம் இல்லை. ஃப்ரீஸரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் மெல்லத் தள்ளிப் பார்ப்பேன். மேலே பட்டுத் துணி கசங்குவது போலச் சுருக்கம் விழுந்தால் உடனே இறக்கிவிடலாம், தண்ணீராக ஓடினால் இன்னும் இரண்டு நிமிடம். சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த நேரத்திலேயே பதம் தாண்டிவிடும்.

சுடுநீரில் கொதிக்க வைத்து எடுத்த பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். மறுநாள் தளர்வாகத் தெரிந்தாலும் நான் செய்தது போல உடனே அடுப்பில் ஏற்றாதீர்கள், சில ஜாம் முழுசாக இறுக இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும்.