ரியாக்‌ஷன் குறைவா, கவனம் சிதறலா? ஃபைட்டிங் கேமில் எதிர்கொள்ளும் ஆட்கள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் டிரைவ் இம்பாக்ட்டையே (அடி தாங்கிக்கொண்டே பாய்ந்து விழும் மெதுவான அடி) விடாமல் அடிக்கும் ஆளிடம் தோற்றதும் "எனக்கு ரியாக்‌ஷன் பத்தாது" என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டம் நொடிக்கு 60 பிரேம் (திரையில் மாறும் படம்). ஒரு பிரேம் 16.67 மில்லிநொடி. இம்பாக்ட் வந்து விழ 26 பிரேம், அதாவது சுமார் 433 மில்லிநொடி. கண்ணில் பட்டதும் விரல் அசைய சராசரி ஆளுக்கு 200–250 மில்லிநொடி, 12–15 பிரேம். திரைக்கும் கன்ட்ரோலருக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்து இன்னொரு 4–5 பிரேம் கழித்தாலும் 6 பிரேம் கையில் இருக்கிறது. அப்புறம் ஏன் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம்?

அந்த நேரம் நம் கேரக்டர் வேறொரு அடியை வீசிவிட்டு அதன் ரெக்கவரியில் (அடித்தபின் மீளும் நேரம்) நிற்பதுதான் பெரும்பாலும் காரணம். மொத்தம் 30 பிரேம் பிடிக்கும் ஹெவி கிக்கைத் தூரத்தில் வீசுகிறீர்கள். அது தொடங்கிய 5-ஆம் பிரேமில் அவர் இம்பாக்ட் போட்டால் 25 பிரேம் கைகட்டி நிற்க வேண்டியதுதான். எவ்வளவு வேகமான கண்ணும் அங்கே உதவாது. அதனால் இவர்களிடம் மாற்ற வேண்டியது பட்டன் தேர்வு. கேன்சல் ஆகும் (பாதியிலேயே வேறு அடிக்கு மாற்றக்கூடிய) நார்மல்களை, அதாவது சாதாரணப் பட்டன் அடிகளை மட்டும் வீசுங்கள்: அவை இம்பாக்ட்டின் ஆர்மரில் (அடி தாங்கும் கவசம்) பட்டாலும் அப்படியே உங்கள் இம்பாக்ட்டுக்குக் கேன்சல் செய்யலாம். ஆர்மர் தாங்குவது 2 அடி. வேகமான மூன்றாவது அடி விழுந்தால் உடையும். த்ரோவும் (பிடித்து வீசுதல்) எடுபடும். கடைசியாக, முதுகு கார்னரில் இருக்கும்போது நீளமான பட்டன் வேண்டவே வேண்டாம். அங்கே இம்பாக்ட்டைத் தடுத்தாலும் சுவரில் மோதி அடி வாங்குவீர்கள்.

* * *

அதே கணக்கு ஜம்ப்புக்கும் பொருந்தும். பெரும்பாலான கேரக்டர்களின் ஜம்ப் சுமார் 45 பிரேம். இம்பாக்ட்டைவிட மெதுவானது. ஆனாலும் நாலு ஜம்ப்பில் மூன்றை விட்டுவிடுகிறோம், ஏனென்றால் கண் தரையில் இருக்கிறது. ஃபயர்பால் வருமா, டிரைவ் ரஷ் (வேகமாக முன்னே பாய்தல்) வருமா, ஸ்வீப் (காலை வாரும் அடி) எட்டுமா என்று எத்தனை விஷயத்துக்கு மூளை காத்திருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் பதில் அவ்வளவு தாமதமாகும். மென்டல் ஸ்டாக் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

பயிற்சி முறை: டிரெய்னிங் மோடில் டம்மிக்கு (எதிரே நிற்கும் பயிற்சி கேரக்டர்) நாலு ரெக்கார்டிங். ஒன்றில் முன்னால் ஜம்ப்-கிக். இரண்டாவதில் முன்னும் பின்னும் நடை மட்டும், 3 நொடி. மூன்றாவதில் ஃபயர்பால். நாலாவதில் இம்பாக்ட். எல்லாவற்றையும் ரேண்டமாக ஓடவிட்டு, நீங்களும் சும்மா நிற்காமல் நடந்து, பட்டன் வீசி ஆடுங்கள். சும்மா நின்று ஜம்ப்பை மட்டும் எதிர்பார்த்து 10-க்கு 10 அடிப்பது எதையும் காட்டாது.

இன்னொன்று, உங்கள் கேரக்டரைப் பார்க்காதீர்கள். அது எங்கே நிற்கிறது என்பது ஓரக்கண்ணுக்கே தெரியும். பார்வை எதிராளியின் இடுப்புக்கு மேல், அவர் முன்னால் இருக்கும் காலி இடத்தையும் சேர்த்து நிற்கட்டும்.

* * *

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். புதியவர் நாலு ரெக்கார்டிங்கோடு தொடங்கினால் அரைமணியில் வெறுத்துவிடுவார். முதலில் ஜம்ப்பும் நடையும் மட்டும். 10-க்கு 8 வந்ததும் ஃபயர்பாலைச் சேர்க்கலாம். இம்பாக்ட் கடைசியில்.

ஆன்ட்டி-ஏராக (ஜம்ப்பை வீழ்த்தும் அடி) ஷோரியூக்கன்தான் (எழும்பிக் குத்தும் ஸ்பெஷல் அடி) வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. குனிந்து அடிக்கும் ஹெவி பஞ்ச் போல ஒரே பட்டன் ஆன்ட்டி-ஏர் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். டேமேஜ் குறைவு, ஆனால் யோசிக்க எதுவும் இல்லை. ஷோரியூக்கன்தான் வேண்டுமென்றால் குனிந்த நிலையிலிருந்து 3-2-3 பாதையைப் பழகுங்கள் (நம்பேட்: முன்-கீழ், கீழ், முன்-கீழ்). முன்னால் நடந்துகொண்டே ஃபயர்பால் போட்டால் ஷோரியூக்கன் வந்துவிடுகிறது என்று புலம்புபவர்களுக்கு: நடையின் 6-உம் (முன்) அதற்குப் பின் வரும் 2-3-யும் சேர்ந்து ஷோரியூக்கன் இன்புட்டாகிவிடுகிறது. நடையை விட்டு ஒரு கணம் நியூட்ரலுக்கு வந்தபின் ஃபயர்பால் போடுங்கள்.

* * *

பட்டனை நசுக்கிக்கொண்டே இருப்பவர் பற்றி இன்னும் எழுதவில்லையே. இவரிடம் தோற்கும்போதுதான் பலருக்குத் தலை சூடாகிறது.

பிளஸ், மைனஸ் எண்களை (அடி தடுக்கப்பட்டபின் அடித்தவர் எத்தனை பிரேம் முந்தி அல்லது பிந்தி அசைவார் என்பது) மனப்பாடம் செய்வதைவிடக் கூட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அடியை அவர் தடுத்தபின் நீங்கள் +2 என்று வையுங்கள். அவருடைய வேகமான ஜாப் (லேசான குத்து) 4 பிரேம். ஆனால் உங்களுக்கு 2 பிரேம் கழித்துத்தான் அவரால் அசைய முடியும், ஆக அது விழுவது 6-ஆவது பிரேமில். நீங்கள் 5 பிரேம் பட்டன் போட்டால் கவுன்டர் ஹிட் (அவர் அடிக்கத் தொடங்கும்போதே உங்கள் அடி விழும்). 6 பிரேம் பட்டன் என்றால் ட்ரேட் (இருவருக்கும் அடி). 7 போட்டால் நீங்கள்தான் அடி வாங்குவீர்கள், அப்புறம் "இவன் வெறும் மேஷர்" என்று திட்டுவீர்கள்.

டெக்கன் என்ற ஃபைட்டிங் கேமிலும் இதேதான், எண்கள் மட்டும் வேறு. ஜாப் 10 பிரேம். எனவே -10 அல்லது அதைவிட மோசமான எதையும் தடுத்தால் 1,2 (இடக்குத்து, வலக்குத்து) அடியுங்கள், அது போதும். -13-ஆன ஹாப்கிக்கை (எழும்பி உதைக்கும் அடி) தடுத்துவிட்டுப் பயந்து பின்னால் போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். லான்ச்சர் பனிஷ் (தடுத்தபின் எதிராளியைக் காற்றில் தூக்கும் பதிலடி) எல்லாம் பிறகு. முதலில் அந்த 10 பிரேம் பனிஷ் யோசிக்காமல் கையில் வரட்டும். ஒரு வாரம் அது மட்டுமே இலக்கு.

ஒரு எச்சரிக்கை: பனிஷ் என்று எண் சொன்னாலும் தூரம் எட்ட வேண்டும். ஸ்வீப்பை நுனியில் தடுத்துவிட்டு ஜாப் அடித்தால் காற்றில்தான் போகும்.

* * *

எல்லாம் சரி. மூன்று மேட்ச் தொடர்ந்து போனதும் இதெல்லாம் மறந்துவிடுகிறதே, அதற்கு?

* * *

மறக்கத்தான் செய்யும். வெறுமனே "கவனமாக ஆடு" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதில் பயனில்லை. எதைக் கவனிப்பது என்று ஒன்றே ஒன்றை முன்கூட்டித் தீர்மானியுங்கள். "இந்த செட்டில் ஜம்ப் எதையும் விடமாட்டேன்" போதும். வெற்றி தோல்வியை விட்டுவிட்டு அதை மட்டும் எண்ணுங்கள்: 7 ஜம்ப் வந்தது, 4 அடித்தேன்.

கேஜ் (டிரைவ், சூப்பர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பட்டை) பார்க்க நேரம் கிடைப்பதில்லை என்பது இன்னொரு புகார். நேரம் இருக்கிறது. சூப்பர் (கேஜ் செலவழித்துப் போடும் பெரிய அடி) அனிமேஷன் ஓடும்போது, நீங்கள் அவரை வீழ்த்தி அவர் எழும்போது, காம்போ வாங்கிக்கொண்டிருக்கும்போது. கடைசியில் சொன்னதுதான் மிக நல்ல நேரம், செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. அவருடைய டிரைவ் கேஜில் 6-இல் எத்தனை மிச்சம், சூப்பர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரவுண்டு இடைவெளியில் ஒரே கேள்வி: எழும்போது அவர் என்ன செய்தார்? தடுத்தாரா, த்ரோ உடைத்தாரா, ரிவர்சலா (எழுந்ததும் உடனே பதிலடி)? இரண்டு முறை ஒன்றையே செய்தவர் மூன்றாவது முறையும் செய்வார் என்று ஒருமுறை பந்தயம் கட்டுங்கள்.

2004-இல் ஈவோ என்ற ஃபைட்டிங் கேம் போட்டியில் டைகோ உமெஹாரா, ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லி கேரக்டரின் சூப்பரின் 15 அடிகளையும் பாரி செய்ததை (அடி விழும் கணத்தில் தட்டிவிட்டதை) கண் வேகத்துக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. ஒரு துளி லைஃப் மிச்சமிருந்த தன்னை முடிக்க எதிராளி அந்த சூப்பரைத்தான் எடுப்பார் என்று டைகோ முன்பே ஊகித்து, அதற்காகவே காத்திருந்தார்.

ரேங்க்டில் (தரவரிசை ஆட்டம்) ஒரே விதத்தில் இரண்டு முறை தோற்றால் ரீமேட்ச் எடுக்காமல் ரீப்ளேயைத் திறங்கள். முழுவதும் பார்க்க வேண்டாம். அடி வாங்கிய இடங்களில் மட்டும் நிறுத்தி, அடி விழுவதற்கு 1 நொடி முன்னால் உங்கள் இன்புட் என்னவென்று பாருங்கள். டெக்கன் 8-இல் ரீப்ளேயின் நடுவிலேயே கன்ட்ரோலை வாங்கி, அதே இடத்தில் வேறு பதிலை ஐந்தாறு முறை போட்டுப் பார்க்கலாம். கை நடுங்குகிறது, அல்லது பட்டனை வழக்கத்தைவிட அழுத்திக் குத்துகிறீர்கள் என்றால் அன்றைக்கு ரேங்க்டை மூடிவிட்டு டிரெய்னிங் மோடுக்குப் போங்கள்.