சுகர் 312 இருந்தும் ஏன் நூறுக்குக் குறைக்கவில்லை?

குலசேகரத்துக்காரி:
அப்பாவுக்கு வயது 61. பன்னிரண்டு வருடமாகச் சுகர். போன செவ்வாய் காலை ஐந்து மணிக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தார், மறுபடியும் நழுவியது. தலைவிளக்கு வெளிச்சத்தில் அம்மா பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. சுகர் இறங்கிவிட்டது என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். பாதி கழுத்தில் வழிந்தது. 108 ஆம்புலன்சில் ஆறரைக்கு நாகர்கோவில் போய்ச் சேர்ந்தோம். முதல் வேலையாக விரலில் குத்திச் சுகர் பார்த்தார்கள்: 312. ஸ்கேன் எடுத்து, பக்கவாதம் என்று சொல்லி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள்.

அதன்பிறகு மூன்று நாளும் சுகர் 150, 170 என்றே நின்றது. நூறுக்குக் கொண்டுவரச் சொல்லி மாமா வார்டில் சண்டையே போட்டார். "இது போதும்" என்று டாக்டர் போய்விட்டார். அலட்சியமா?

வார்டு அக்கா:
இல்லை தங்கச்சி. பக்கவாதம் வந்த முதல் நாட்களில் 140 முதல் 180க்குள் வைப்பதுதான் வழக்கம். ஏறிய சுகர் மூளையின் சேதத்தைக் கூட்டும், கரைக்கும் ஊசிக்குப் பின் ரத்தக்கசிவுக்கும் வழிவிடும். அதற்காக இறுக்கிப் பிடித்தால் தாழ்ந்துபோகும். அது இன்னும் மோசம். 2019இல் வெளியான ஷைன் என்ற அமெரிக்க ஆய்வில் 80 முதல் 130க்குள் இறுக்கிப் பார்த்தார்கள். யாரும் கூடுதலாகத் தேறவில்லை, சிலருக்குச் சுகர் அபாயமாக இறங்கியதுதான் மிச்சம்.

கரைக்கும் ஊசி போடுவதற்கான நாலரை மணி நேரக் கெடுவுக்குள் கொண்டுவந்தீர்களே, அதுதான் பெரிய காரியம். ஆனால் வாய் கோணியவருக்கு இனி எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள். தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

மார்த்தாண்டம் ஆள்:
எங்கள் மைனிக்கு நேர்மாறு. பேச்சு குழறியது, இடது கை தொங்கியது. வாதம்தான் என்று வீடே அழுதது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சுகர் 41! மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஜெபத்துக்குப் போயிருக்கிறார். குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் "எதற்கு எல்லாரும் வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். முதலில் விரலில் குத்துவது இதற்காகத்தான்.

குலசேகரத்துக்காரி:
மாமாவிடம் வாசித்துக் காட்டினேன் அக்கா. "அந்த டாக்டர் இதைச் சொல்லியிருக்கலாமே" என்றார். அதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. கைப்பயிற்சிக்கு ஒரு பந்து கொடுத்திருக்கிறார்கள். அப்பா அதைத் தொடுவதில்லை, பால் பிடிக்கும் சிரட்டையைக் கேட்கிறார்.