ராத்திரி சாப்பிடாமல் தூங்கினால் காலையில் துவண்டு போகிறாள்

சுட்டிப்பெண்ணின் அம்மா:
மகளுக்கு நாலு வயது, ஒல்லி உடம்பு. சளி காய்ச்சல் என்று ராத்திரி சாப்பிடாமல் தூங்கிவிட்டால் மறுநாள் காலை முகம் வெளுத்து, எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்க மாட்டாள். குமட்டல் வேறு. வாயில் அதிகமாய்ப் பழுத்த பழம் மாதிரி ஒரு வாடை. போன தடவை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 48. 'கீட்டோட்டிக் ஹைப்போகிளைசீமியா (வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கி, கீட்டோன் ஏறுவது), வளர வளரப் போய்விடும்' என்றார் டாக்டர். இது சர்க்கரை நோயின் ஆரம்பமா? மாமியார் இனிப்பையே நிறுத்தச் சொல்கிறார்.

ரெண்டு பிள்ளை அப்பா:
எதற்கும் ஹெச்பிஏ1சி எடுத்துப் பாருங்கள்.

ராத்திரி டியூட்டி நர்ஸ்:
அந்த டெஸ்ட் சராசரி சர்க்கரை ஏறியிருக்கிறதா என்றுதான் சொல்லும். இங்கே பிரச்சினை இறங்குவது. சர்க்கரை நோயின் ஆரம்பம் இல்லை, பயப்படாதீர்கள்.

தூங்கும்போது ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது கல்லீரலில் இருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு. சின்னப் பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு கொஞ்சம்; மூளையோ உடம்பளவுக்குப் பெரியது, சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். சேமிப்பு தீர்ந்தால் தசையிலிருந்து அமினோ அமிலம் எடுத்துச் சர்க்கரை தயாரிக்க வேண்டும். ஒல்லிப் பிள்ளைக்குத் தசை எங்கே இருக்கிறது? அதனால் கொழுப்பு கரைந்து, அதிலிருந்து உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறுகிறது. நீங்கள் சொன்ன வாடையும் குமட்டலும் அதனால்தான். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கு மேல் தொடங்கி, எட்டு ஒன்பது வயதுக்குள் நின்றுவிடும்.

இனிப்பை நிறுத்துவதால் இது சரியாகாது, தினமும் சர்க்கரையை அள்ளிக் கொடுப்பதும் வைத்தியமில்லை. படுக்கும் முன் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த உணவு வயிற்றில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காய்ச்சல் நாளில் மட்டும் சர்க்கரை கலந்த பானத்தை அடிக்கடி மடக்கு மடக்காகக் கொடுங்கள். சிறுநீர் கீட்டோன் பட்டை வாங்கி வையுங்கள்; சர்க்கரை இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே அது நிறம் மாறிக் காட்டிவிடும். எனக்கு வீட்டு மீட்டரைவிட இதில்தான் நம்பிக்கை.

வாந்தி நிற்கவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அப்புறம், சர்க்கரை இறங்கியிருக்கும் அந்த நேரத்திலேயே, குளுக்கோஸ் ஏற்றும் முன் ரத்தம் எடுத்து இன்சுலின், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன், கீட்டோன் பார்த்தார்களா? வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்த பிறகே இந்தப் பெயரை வைக்க வேண்டும். சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரத்திலேயே இப்படி ஆனால் கட்டாயம் குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் போங்கள்.

சுட்டிப்பெண்ணின் அம்மா:
அந்த ரத்தம் எடுக்கவில்லை, நேராகக் குளுக்கோஸ்தான் ஏற்றினார்கள். கேட்கிறேன். படுக்கும்போது பாலில் கார்ன்ஃப்ளார் கலந்து கொடுக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். காய்ச்சித்தானே?

ராத்திரி டியூட்டி நர்ஸ்:
இல்லை, பச்சையாக. ஆறின பாலில் கலக்குங்கள். பச்சை மாவு மெதுவாகச் செரித்து, மணிக்கணக்கில் சர்க்கரையை விட்டுக்கொண்டிருக்கும். கொதித்த மாவு சீக்கிரம் செரித்துவிடும். எடையை வைத்து எத்தனை கிராம் என்று டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.