கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: எழுதியதை யாருக்காவது வாசித்துக் காட்டிய அனுபவம் உண்டா? (பதில் சொன்னவர்கள் பெயருக்குப் பதில் ஊர்ப்பெயர்.)

விளவங்கோட்டுக்காரன்:
மூன்று வருடமாக மனசில் கிடக்கிறது. மாமி அடுக்களைத் திண்ணையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து என் கதையை வாசித்தேன். மழைநாள், ஒரு அம்மா பிள்ளைகளைக் கூப்பிடுகிறாள்: "மரவள்ளிக்கிழங்கு வெந்துவிட்டது, வாருங்கள்." மாமியின் கத்தி நின்றது. "அது எந்தக் கிழங்குலே?" அவள் கையில் இருந்ததையே காட்டினேன். "இது மரச்சீனியில்லா? அவ நம்ம ஊருக்காரிதான? பின்ன ஏன் புஸ்தகத்தப் பாத்துப் பேசுகா?"

கேலி இல்லை, அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. அன்று ராத்திரியே பேச்சு முழுவதையும் மாற்றினேன். வார்த்தை மாறியதும் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது, பிள்ளையை அடிக்கக்கூடச் செய்தாள். நான் யோசித்தே இராத இடம் அது. கதை அச்சில் வருவதற்குள் மாமி போய்விட்டாள். மாற்றியதை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

கொழிஞ்சாம்பாறை:
மாமி சொன்னது உங்களுக்குச் சரி. எல்லாருக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கதை ஒரு பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. 'ஷாப்பு' என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 'எந்தக் கடை?' என்று எழுதியிருந்தார்கள். கேரளத்தில் எங்கள் சித்தூர்ப் பக்கம் ஷாப்பு என்றாலே கள்ளு ஷாப்புதான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அங்கே வளர்ந்தவர் ஷாப்பைக் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டார். அந்தப் பென்சில் வட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஊர்ப்பேச்சை அப்படியே எழுது என்று சொல்வது சுலபம்.

பாறசாலை:
கொழிஞ்சாம்பாறை அக்கா, வட்டம் போட்டவரிடமும் தப்பில்லை, சொல்லிலும் தப்பில்லை. சொல்லைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதை எழுதியிருந்தீர்களா? மரச்சீனியின் தடித்த தோலை உரித்து, முதல் கொதித் தண்ணீரை இறுத்துவிட்டு, மீன்கறியோடு வைத்தால் தஞ்சாவூர்க்காரருக்கும் அது கிழங்கு என்று தெரிந்துவிடும். அடைப்புக்குறியில் அர்த்தம் போட வேண்டாம், கதை அங்கேயே நின்றுவிடும். ஷாப்புக்குள் ஒருவரை உட்கார வைத்து ஒரு குப்பி கள்ளும் கப்பைக் கிழங்கும் கேட்க வையுங்கள், போதும்.

திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதியவர் ஆ. மாதவன். அந்தக் கடைத்தெருவையும் அதன் மனிதர்களையும் விட்டு அவர் எங்கும் போகவில்லை. 2015-இல் சாகித்ய அகாதமி விருது வந்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. நேரமில்லை என்று எனக்கே தோன்றும்போது அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம், பேச்சு வரும் இடங்களை வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடுக்கினால் அந்த வரி கதையில் பேசுகிறவளுடையது அல்ல, உங்களுடையது. முடித்த கதையை ஒரு மாதம் பெட்டியில் போட்டுவிட்டுப் பிறகு எடுங்கள். திரும்பி வந்த கதையைக் கிழிக்காதீர்கள். நான் கிழித்திருக்கிறேன். அப்பா இறந்த வருடம் எழுதியது அது, ஒரு வரிகூட இப்போது ஞாபகமில்லை.

தேவிகுளம்:
எனக்கு இந்த வாதத்தில் சொல்ல ஒன்றுமில்லை. மூணாறிலிருந்து போடிக்கு பஸ்ஸில் வரும்போது மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி, கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். என்ன எழுதுறே என்றார். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு கிழவியின் கதை என்றேன், பாதிவரை சொன்னேன். பென்ஷன் வாங்க மகன் வருவான் என்று அவள் காத்திருக்கும் இடத்தோடு நிறுத்திவிட்டேன். மேலே எழுதியிருக்கவில்லை.

போடிமெட்டு தாண்டி வளைவுகளில் பஸ் இறங்கியது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. முந்தல் வந்ததும் கேட்டார், "அவன் வந்தானா?"

இன்னும் எழுதலைங்கம்மா என்றேன். "வெரசா எழுது சாமி," என்று என் நோட்டின் மேல் கை வைத்தார். போடியில் இறங்கிப் போய்விட்டார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கதையை இந்த மாதம்தான் மறுபடி எடுத்திருக்கிறேன்.