மறுமொழி: ஃபைட்டோஅலெக்சின் – ‘எழுகாப்பு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கிருமி தாக்கிய பின் செடி தன்னைக் காக்கப் புதிதாக உண்டாக்கும் வேதிப்பொருள்தான் ஃபைட்டோஅலெக்சின். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஐயா ஒருவர் முன்வைத்தது:

> ஃபைட்டோஅலெக்சின் = தாவர எதிர்ப்பொருள்

ஐயா, சொல் எளிதாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. ‘எதிர்ப்பொருள்’ என்றதும் மருத்துவம் படித்தவருக்கு இரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிதான் நினைவுக்கு வரும். அது பெரிய புரதம், இதுவோ சிறு மூலக்கூறு. அதைவிடப் பெரிய குறை, இது எப்போது உண்டாகிறது என்பதை அந்தச் சொல் காட்டவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

1940இல் ஜெர்மனியில் முல்லரும் போர்கரும், வெட்டிய உருளைக்கிழங்கில் நோய் உண்டாக்க முடியாத கருகல் கிருமி வகையை முதலில் இட்டார்கள். பிறகு அதே இடத்தில் வீரியமுள்ள வகையை இட்டால் அது பரவவில்லை. முதல் கிருமி தொட்டதும் கிழங்கு எதையோ புதிதாக உண்டாக்கியிருக்க வேண்டும் என்று கருதி, அந்தப் பொருளுக்கு வைத்த பெயர் இது.

சோள இலையில் இதை நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். பூசணம் துளைக்க வரும் செல்லுக்குள் நிறமில்லாத நுண்பைகள் தோன்றும். துளைக்கும் இடத்துக்கே நகர்ந்து போகும். சிவப்பேறி, உள்ளிருப்பதைக் கொட்டிவிடும். பூசணமும் சாகும், அந்தச் செல்லும் சாகும்.

அப்புறம், இதே இழையில் அம்மையார் ஒருவர் சொன்ன ‘காப்பு வேதிமம்’. நல்ல சொல், ஆனால் பரப்பு அதிகம். ஓட்ஸ் வேரில் அவெனசின் என்ற சப்போனின் வகை வேதிப்பொருள், பூசணம் வருவதற்கு முன்பே இருக்கிறது. அதுவும் காப்பு வேதிமம்தானே? இப்படி முன்கூட்டியே இருப்பவற்றுக்கு 1994இல் வான் எட்டன் குழுவினர் ஃபைட்டோஆன்டிசிபின் என்று தனிப்பெயர் இட்டார்கள். மூலக்கூறின் அமைப்பை வைத்தும் இவற்றைப் பிரிக்க முடியாது. சகுரானெடின் என்ற சேர்மம் நெல் இலையில் குலைநோய் தாக்கிய பின் உண்டாகிறது, பிளாக்கரன்ட் என்ற பழப்புதரின் இலையிலோ எப்போதும் இருக்கிறது. பொருள் ஒன்று, செடிக்கேற்பப் பெயர் வேறு.

ஆகவே என் பரிந்துரை:

ஃபைட்டோஅலெக்சின் – எழுகாப்பு
ஃபைட்டோஆன்டிசிபின் – முன்காப்பு

‘எழுஞாயிறு’ போல எழுகாப்பும் வினைத்தொகை. தாக்கிய பின் எழும் காப்பு. வேதிப்பொருள் என்று அழுத்த வேண்டிய இடத்தில் ‘எழுகாப்புச் சேர்மம்’ என்று எழுதலாம். ‘தூண்டு காப்பு’ என்பதையும் யோசித்தேன். ஆனால் செடி முழுவதும் பரவும் தூண்டப்பட்ட எதிர்ப்புத்திறனோடு அது குழம்பிவிடும்.

இலங்கைப் பாடநூல்களில் இதற்கு ஏற்கெனவே சொல் இருந்தால் அங்குள்ள நண்பர்கள் தெரிவியுங்கள். அது பொருந்தினால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்